ஜெராக்ஸ் கடைக்கு ஒரு யாத்திரை

டெல்லிக்குப் போகிறவர்கள் செங்கோட்டை, குதுப்மினார், இந்தியா கேட் என்று ஒரு பட்டியல் வைத்திருப்பார்கள். காவிரிப் படுகையில் ஓர் அரசுக் கலைக் கல்லூரியில் பொருளியல் நடத்தும் பேராசிரியை ஒருவரின் பட்டியலில் இருந்தது ஒரு ஜெராக்ஸ் கடை. அவர் டெல்லிக்கு வந்திருந்த புத்தொளிப் பயிற்சி முந்தின நாளே முடிந்துவிட்டது. ஊர் திரும்பத் தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் இரவில்தான். பிப்ரவரி மாதத்து அந்த வெள்ளிக்கிழமை காலையில் ஸ்வெட்டரைப் போடுவதா வேண்டாமா என்று யோசித்தபடி மெட்ரோவின் மஞ்சள் தடத்தில் ஏறி வடக்கே போனார்.

விஸ்வவித்யாலயா நிலையத்தில் அவருடைய அக்கா மகள் காத்திருந்தாள். டெல்லிப் பல்கலைக்கழகத்தின் வடக்கு வளாகத்தில் சட்டம் படிக்கிறவள். இ-ரிக்‌ஷாவில் ஏறி உட்கார்ந்ததும், "குதுப்மினாரையாவது ஒரு எட்டு பாத்துட்டு வந்திருக்கலாம் சித்தி" என்றாள். சித்தி பதில் சொல்லவில்லை. மடியிலிருந்த துணிப்பையில் அவருடைய 'ஸ்டடி மெட்டீரியல்' இருந்தது. பல நூல்களிலிருந்து அத்தியாயம் அத்தியாயமாக எடுத்த நகல்களும், அவற்றை ஒட்டித் தமிழ்வழி மாணவர்களுக்காக அவர் கையால் எழுதிய குறிப்புகளும் சேர்ந்த ஒரு கட்டு.

டெல்லி பொருளியல் பள்ளியை மாணவர்கள் டி-ஸ்கூல் என்கிறார்கள். அமர்த்தியா சென்னும் மன்மோகன் சிங்கும் பாடம் நடத்திய இடம். பொருளியல் படித்தவருக்கு அது சன்னிதிதான். ஆனால் அவர் கண் தேடியது ராமேஷ்வரி போட்டோகாப்பி சர்வீஸ் என்ற பெயரை. அதன் மீது நடந்த வழக்கைப் படித்துவிட்டு வருகிறவர்கள் பெரிய கடையாக எண்ணிக்கொள்வார்கள். கண்ணில் பட்டது சின்னக் கடை. முன்னால் நின்றிருந்த பையன் கைப்பேசியை நீட்டி, அதிலிருந்த பிடிஎஃபை அச்செடுத்துத் தரச் சொல்லிக்கொண்டிருந்தான்.

இந்தக் கடையின் மீதுதான் 2012 ஆகஸ்டில் ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ், டெய்லர் அண்டு பிரான்சிஸ் ஆகிய மூன்று பதிப்பகங்கள் டெல்லி உயர் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டன. கேட்ட இழப்பீடு 60 லட்சம் ரூபாய். கடையோடு பல்கலைக்கழகமும் பிரதிவாதி. வழக்குத் தலைப்பைப் படித்தால் சிரிப்பு வரும்: ஒரு பக்கம் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் வேந்தரும் ஆசான்களும் அறிஞர்களும், எதிர்ப்பக்கம் ஜெராக்ஸ் கடை.

கடை செய்தது இவ்வளவுதான். ஆசிரியர்கள் பாடத்திட்டத்தில் குறிப்பிட்ட வாசிப்புப் பட்டியலை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு நூலிலிருந்தும் வேண்டிய அத்தியாயத்தை மட்டும் நகலெடுத்து, சுருள் கம்பி போட்டு 'கோர்ஸ் பேக்' ஆக விற்றது. பக்கத்துக்கு ஒரு ரூபாய்கூட ஆகாது. ஒரே பாடத்துக்கு முப்பது நாற்பது நூல்களில் நூலுக்கொரு அத்தியாயம் என்றால் எந்த மாணவர் அத்தனையையும் விலைக்கு வாங்குவார்? பதிப்பகங்களின் வாதம் வேறு. ஒவ்வோர் ஆண்டும் நூற்றுக்கணக்கில் இப்படி விற்றால் அது பதிப்புத் தொழிலேதான், உரிமத் தொகை கட்டிவிட்டுச் செய்யட்டும் என்றன. 2012 அக்டோபரில் இடைக்காலத் தடை வந்தது.

பிறகு நடந்தது சட்டப் புத்தகங்களில் அடிக்கடி காணக் கிடைக்காத காட்சி. மாணவர்கள் சங்கம் அமைத்து வழக்கில் தங்களையும் சேர்த்துக்கொண்டார்கள். ஆசிரியர்களும் தனியாக ஒரு சங்கம் வைத்து உள்ளே வந்தார்கள். வழக்கைத் தொடர வேண்டாமென்று பதிப்பாளரைக் கேட்டுக்கொண்டார் அமர்த்தியா சென். அவரே ஆக்ஸ்ஃபோர்டின் எழுத்தாளர். 2013இல் 300க்கும் மேற்பட்ட கல்வியாளர்களும் நூலாசிரியர்களும் வழக்கை எதிர்த்துக் கையெழுத்திட்டார்கள். வழக்கில் குறிப்பிடப்பட்ட நூல்களை எழுதிய சிலரும் அதில் இருந்தார்கள். யாருடைய உரிமை பறிபோகிறது என்று வழக்குப் போட்டார்களோ, அவர்களில் ஒரு பகுதியினரே 'எங்களுக்கு இந்த வழக்கு வேண்டாம்' என்றார்கள்.

2016 செப்டம்பர் 16 அன்று நீதிபதி ராஜீவ் சஹாய் எண்ட்லா வழக்கைத் தள்ளுபடி செய்தார். காப்புரிமை இயற்கையாக வந்த உரிமையுமல்ல, இறைவன் கொடுத்ததுமல்ல, சட்டம் வகுத்த எல்லைக்குள்தான் அது இருக்கிறது என்பது தீர்ப்பின் அடித்தளம். தாம் சட்டம் படித்த காலத்தில் மாணவர்கள் முறைவைத்து நூலகத்தில் உட்கார்ந்து பக்கம் பக்கமாகக் கையால் எழுதி எடுத்ததையும் அவர் நினைவுகூர்ந்தார். கையால் எழுதினால் குற்றமில்லை என்றால், எந்திரம் அதே வேலையைச் சீக்கிரம் முடித்துக் கொடுப்பதால் மட்டும் எப்படிக் குற்றமாகும் என்று போகிறது வாதம்.

மேல்முறையீட்டில் அந்த ஆண்டு டிசம்பர் 9 அன்று இரு நீதிபதிகள் அமர்வும் அடிப்படைக் கருத்தை ஏற்றது. ஆனால் ஒரு முடிச்சை அவிழ்க்காமல் விட்டது. நகலெடுத்த பகுதிகள் உண்மையிலேயே அந்தப் பாடத்துக்குத் தேவைப்பட்டவையா என்று விசாரிக்கச் சொல்லி வழக்கைக் கீழே திருப்பி அனுப்பியது. விசாரணை நடக்கவில்லை. 2017 மார்ச்சில் பதிப்பகங்கள் வழக்கைத் திரும்பப் பெற்றன. அந்த மே மாதம், நகல் உரிமை வசூல் அமைப்பு ஒன்று கொண்டுபோன மேல்முறையீட்டை உச்ச நீதிமன்றம் ஏற்க மறுத்தது.

டி-ஸ்கூல் கேன்டீன் மட்டன் தோசைக்குப் பேர்போனது. தமிழ்நாட்டிலிருந்து போகிறவர் அதைப் பார்த்துத் திகைக்கலாம், தின்ன வேண்டும் என்று கட்டாயமில்லை. பேராசிரியை டீயோடு நிறுத்திக்கொண்டார். அக்கா மகள் தோசையைப் பிய்த்தபடி 1957ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவுக்குள் புகுந்தாள். எதையெல்லாம் செய்தால் காப்புரிமை மீறல் ஆகாது என்று பட்டியலிடும் நீண்ட பிரிவு அது. கற்பித்தலின் போக்கில் ஆசிரியரோ மாணவரோ ஒரு படைப்பை நகலெடுக்கலாம். கேள்வித்தாளில் சேர்க்கலாம், விடைத்தாளில் எழுதலாம். கல்லூரி விழாவில் நாடகம் போடலாம். பார்வையாளர் ஆசிரியர், மாணவர், அவர்களுடைய பெற்றோர் வட்டத்தோடு நிற்க வேண்டும், அவ்வளவுதான். (ஆண்டு விழாவுக்கு ஊரையே கூட்டும் முதல்வர்கள் கவனிக்க.)

"பத்து சதவீதம் வரைக்கும்தான் எடுக்கலாம்னு எங்க ஸ்டாஃப் ரூம்ல சொல்வாங்களே?"

"அப்படி ஒரு கணக்கு இந்தப் பிரிவுல கிடையாது சித்தி. ரெண்டு நீதிபதி பெஞ்சும் சதவீதம் எதுவும் சொல்லல. பாடத்துக்குத் தேவையா இல்லையா, அதுதான் கேள்வி."

பேராசிரியை துணிப்பையைத் திறந்து கட்டை மேசையில் வைத்தார். மேலே இருந்த நகல்களைப் புரட்டி, அடியிலிருந்த கையெழுத்துத் தாள்களை எடுத்துக் காட்டினார். "இது நகல் இல்ல. அந்த இங்கிலீஷ் அத்தியாயத்தையே நான் தமிழ்ல எழுதினது. இதுக்கு என்ன சொல்லுது உங்க தீர்ப்பு?"

அவள் உடனே பதில் சொல்லவில்லை. டெல்லி வழக்கு நகலெடுப்பைப் பற்றியது. 52ஆம் பிரிவின் அந்த உட்பிரிவு பேசுவதும் நகலைப் பற்றித்தான். மொழிபெயர்ப்பு 14ஆம் பிரிவில் தனி உரிமையாக நிற்கிறது. வகுப்பில் நின்று வாயால் தமிழில் விளக்குவதை யாரும் கேட்கப்போவதில்லை. அதையே தட்டச்சு செய்து புத்தகமாக்கி அடுத்த கல்லூரிக்கும் அதற்கடுத்த கல்லூரிக்கும் அனுப்பினால் உரிமையாளரின் அனுமதி வேண்டும். அனுமதி கிடைக்காதவருக்கு 32ஆம் பிரிவு ஒரு வழி வைத்திருக்கிறது. வெளிநாட்டு நூல் வெளிவந்து மூன்று ஆண்டு கழிந்தால், கற்பித்தலுக்காகவோ ஆய்வுக்காகவோ இந்திய மொழியில் பெயர்க்கக் கட்டாய உரிமம் கேட்டு விண்ணப்பிக்கலாம். ஆனால் முதலில் உரிமையாளரைத் தேடிப்பிடித்துக் கேட்க வேண்டும். அவர் மறுத்ததையோ, ஆள் அகப்படாததையோ காட்ட வேண்டும். உரிமத் தொகையும் கட்ட வேண்டும். வாரத்துக்குப் பதினாறு மணி நேரம் வகுப்பு எடுக்கும் ஆசிரியருக்கு இதெல்லாம் நடக்கிற காரியமா?

ஆங்கிலவழி மாணவருக்கு ஜெராக்ஸ் கடையோடு முடிகிற விஷயம் தமிழ்வழி மாணவருக்கு முடிவதில்லை. டெல்லித் தீர்ப்பைக் கொண்டாடி எழுதியவர்களில் இந்த இடத்தில் நின்று யோசித்தவர்கள் குறைவு. தமிழ்நாட்டில் 1960களிலும் 70களிலும் கல்லூரிப் பாடங்களுக்கு நூற்றுக்கணக்கில் தமிழ் நூல்களை அரசே வெளியிட்டது. பேராசிரியை படித்தவையும் அவைதான். பொருளியல் அதற்குப் பிறகு எங்கேயோ போய்விட்டது.

மெட்ரோவில் தெற்கே திரும்பி இருவரும் சாந்தினி சௌக்கில் இறங்கினார்கள். டவுன் ஹாலிலிருந்து சாவ்ரி பஜார்வரை போகும் நயி சடக், பாடநூல் வியாபாரத்தின் தெரு. தலைக்கு மேல் மின்கம்பிகள், கீழே கைவண்டி, இரண்டுக்கும் நடுவே கூரைவரை கைடுகள். கோனார் உரையைக் கையில் பிடித்து வளர்ந்தவர்களுக்கு அந்த அட்டைகளின் மொழி புரியாவிட்டாலும் தோரணை புரியும்.

கைடுகள் மீதும் ஆக்ஸ்ஃபோர்டு இதே உயர் நீதிமன்றத்துக்குப் போயிருக்கிறது. ஜம்மு காஷ்மீர் பள்ளிக் கல்வி வாரியத்துக்காக அது வெளியிட்ட பதினோராம் வகுப்புக் கணித நூலுக்கு, படிப்படியாக விடை போட்டுக் கைடு வெளியிட்டார்கள் வேறு சில பதிப்பாளர்கள். 2008இல் நீதிபதி ரவீந்திர பட் தடை தர மறுத்தார். கணக்குக்கு விடை காணும் வழியை ஒருவர் தமக்கே சொந்தமென்று பூட்டிவைக்க முடியாது, விடையை விளக்கும் கைடு மூலநூல் செய்யாத வேலையைச் செய்கிறது என்பது அவர் பார்வை. விளக்கலாம், விடை போடலாம், பழித்தும் எழுதலாம். முழுசாகப் பெயர்த்து விற்பதுதான் கூடாது. தெருவைக் கடப்பதற்குள் இந்தக் கோடு பேராசிரியைக்குத் தெளிவாகிவிட்டது.

இந்தித் தட்டில் ஒரு வேடிக்கை. பிரேம்சந்தின் 'கோதான்' ஒரே கடையில் பல பதிப்பகங்களின் பெயரில், பல விலைகளில் இருந்தது. அவர் 1936இல் மறைந்தார். காப்புரிமைக் காலம் முடிந்து பல பத்தாண்டுகள் ஆகின்றன. இன்று இந்தியாவில் ஆசிரியரின் ஆயுளோடு 60 ஆண்டு சேர்த்துக் கணக்கு. முன்பு அது 50தான். 1941இல் மறைந்த தாகூரின் நூல்கள் மீது விஸ்வபாரதிக்கு இருந்த உரிமை 1991 முடிவில் தீரவிருந்தபோதுதான் சட்டத்தைத் திருத்திப் பத்து ஆண்டு கூட்டினார்கள். ஒரே ஒரு கவிஞருக்காக நாட்டின் எல்லாப் புத்தகங்களுக்கும் பூட்டு நீண்டது. தமிழ்நாடு எதிர்த்திசையில் போன ஊர். பாரதி பாடல்களின் இசை, திரைப்பட உரிமை தனியார் கையில் இருந்து சர்ச்சையானபோது, 1949இல் அரசே அவர் எழுத்துகளின் உரிமையைப் பெற்றது, பிறகு மக்களுக்குப் பொதுவாக்கியது. அன்றைய சட்டப்படி காத்திருந்தால் 1971 முடிய வேண்டியிருந்திருக்கும். எத்தனையோ எழுத்தாளர்களின் நூல்கள் அதன்பின் நாட்டுடைமையானது தெரிந்த கதை.

சாவ்ரி பஜாரில் மறுபடி மஞ்சள் தடம். ஹவுஸ் காஸ் நிலையத்தில் இறங்கி, ஸ்ரீ அரவிந்தோ மார்க்கில் இருக்கும் என்சிஇஆர்டிக்குப் போனபோது மதியம் தாண்டிவிட்டது. விற்பனைப் பிரிவில் பன்னிரண்டாம் வகுப்பு நுண்ணினப் பொருளியல் நூலை வாங்கினார் பேராசிரியை. இதே நூலின் பிடிஎஃபை யார் வேண்டுமானாலும் இணையத்தில் காசில்லாமல் இறக்கிக்கொள்ளலாம். இறக்கிப் பார்த்தால் பக்கத்தின் குறுக்கே நீர்க்குறி ஓடும்: காப்புரிமை என்சிஇஆர்டிக்கு, மறுபதிப்புச் செய்யக் கூடாது. 2024 ஏப்ரலில் அந்நிறுவனம் வெளிப்படையாகவே எச்சரித்தது. அனுமதியில்லாமல் தன் பாடநூல்களை வணிக நோக்கில் வெளியிடுவதும் இணையத்தில் போடுவதும் காப்புரிமை மீறல் என்றது.

இதே வளாகத்திலிருந்துதான் 2013 ஆகஸ்டில் திறந்த கல்வி வளங்களின் தேசியக் களஞ்சியம் ஒன்றும் வெளிவந்தது. அதிலுள்ள படங்கள், காணொளிகள், பாடத் துணுக்குகள் பொதுவாகக் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் கிடைக்கின்றன. யார் செய்தது என்று பெயர் சொல்லி, அதே உரிமத்தில் திருப்பிக் கொடுத்தால், எடுக்கலாம், மாற்றலாம், மொழிபெயர்க்கலாம், விற்கக்கூடச் செய்யலாம். ஒரே நிறுவனம் ஒரு கையால் 'பார்த்துக்கொள், தொடாதே' என்கிறது. மறு கையால் 'எடுத்துக்கொண்டு போ' என்கிறது. இலவசம் வேறு, திறந்தது வேறு என்று ஆசிரியர்களுக்கு வகுப்பெடுக்க விரும்புகிறவர்கள் இந்த வாசலில் கொண்டுவந்து நிறுத்தினால் போதும்.

2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்த 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டத்தையும் இந்தக் கண்ணோடு பார்க்கலாம். 30 பதிப்பகங்களின் சுமார் 13,000 ஆய்விதழ்களைப் படிக்க மூன்று ஆண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய். அரசுக் கல்லூரிக்காரருக்கு நல்ல காலம்தான், மறுப்பதற்கில்லை. ஆனால் கிடைப்பது படிக்கும் உரிமை. சந்தா எடுத்ததனால் ஒரு கட்டுரையைத் தமிழில் வெளியிடும் உரிமை வந்துவிடாது.

என்சிஇஆர்டி வாசலுக்கு வெளியே டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, வாங்கிய புத்தகத்தின் ரசீதுக்குப் பின்னால் அக்கா மகள் கிரியேட்டிவ் காமன்ஸின் நான்கு எழுத்து ஜோடிகளை எழுதினாள். பி.ஒய். என்றால் பெயர் சொல்ல வேண்டும். எஸ்.ஏ. என்றால் மாற்றியதை அதே உரிமத்தில் தர வேண்டும். என்.சி. என்றால் வணிகம் கூடாது. என்.டி. என்றால் மாற்றியதை வெளியிடக் கூடாது. 2002 டிசம்பரில் முதல் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமங்கள் வெளிவந்தன. இன்று இந்த நான்கும் கலந்து ஆறு உரிமங்கள். கலப்பிலும் பத்தியம் உண்டு: எஸ்.ஏ. மட்டும் உள்ளதையும், என்.சி.யோடு எஸ்.ஏ. சேர்ந்ததையும் ஒன்றாக்கிப் புதுப் பாடம் செய்ய முடியாது. இரண்டு உரிமமும் தன்னையே கடைசிவரை வைத்திருக்கச் சொல்லும்.

"என்.சி. போட்டதை நம்ம பஸ் ஸ்டாண்டு ஜெராக்ஸ் கடைல கொடுத்து எடுத்தா? கடைக்காரர் காசு வாங்கறாரே?"

"அதுக்கும் கேஸ் நடந்திருக்கு, அமெரிக்காவுல" என்று அவள் சிரித்தாள். யுரேகா மேத் என்ற கணிதப் பாடத்தை என்.சி. உரிமத்தில் வெளியிட்டது ஒரு நிறுவனம். பள்ளி நிர்வாகங்கள் அதை ஃபெடெக்ஸ் கடைகளில் காசு கொடுத்து நகலெடுத்தன. கடை லாபம் பார்க்கிறதே என்று வெளியீட்டாளர் வழக்குப் போட, 2018இல் நியூயார்க்கில் மேல்முறையீட்டு நீதிமன்றம் கடை பக்கம் நின்றது. பயன்படுத்துகிறவர் பள்ளி, கடை அவருடைய கை மட்டுமே என்பது சாரம். எந்த நாட்டில் பார்த்தாலும் காப்புரிமை கடைசியில் ஜெராக்ஸ் கடைக்கு வந்து நிற்கிறது.

பேராசிரியையின் கவனம் என்.டி. மேல் இருந்தது. பொருளியலில் உலகம் முழுக்க ஆசிரியர்கள் புகழும் கோர் குழுவின் 'தி எக்கானமி' இணையத்தில் காசில்லாமல் கிடைக்கிறது. அதன் உரிமத்தில் என்.சி.யும் உண்டு, என்.டி.யும் உண்டு. மொழிபெயர்ப்பு என்பது சட்டத்தின் கணக்கில் மாற்றம். கேட்காமல் தமிழாக்கி வெளியிட வழியில்லை. அமெரிக்காவின் ரைஸ் பல்கலைக்கழகத்திலிருந்து இயங்கும் ஓப்பன்ஸ்டாக்ஸின் 'பிரின்சிபிள்ஸ் ஆஃப் எக்கனாமிக்ஸ்' பி.ஒய். மட்டும் போட்டு வெளிவந்தது. எழுதியவர் பெயரைச் சொல்லி, உரிமத்துக்கு இணைப்புக் கொடுத்து, என்ன மாற்றினோம் என்று தெரிவித்தால் போதும். ஒருமுறை அப்படிக் கொடுத்ததைப் பெற்றவரிடமிருந்து திரும்பப் பிடுங்கவும் முடியாது. குழந்தை நூல்களில் இப்படித் திறந்து கொடுப்பது எப்போதோ நடந்துவிட்டது. பெங்களூரின் பிரதம் புக்ஸ் 2015 செப்டம்பர் 8 அன்று தொடங்கிய ஸ்டோரிவீவரில் பி.ஒய். உரிமத்தில் கதைகள் இருக்கின்றன. ஆசிரியர்களும் பெற்றோரும் தமிழுக்குக் கொண்டுவந்த கதைகளும் அங்கே நிறைய. கல்லூரிக்காரர்கள்தான் பின்தங்கிவிட்டார்கள்.

"அந்த ஓப்பன்ஸ்டாக்ஸ் புத்தகத்தை நான் தமிழ்ல எழுதினா, அது யாரோடது?" என்று கேட்டார்.

"மொழிபெயர்ப்பு உங்களோடது. ஆனா வேலையோட பகுதியா எழுதினா முதல் உரிமை வேலை கொடுத்தவருக்குன்னு 17ஆம் பிரிவு சொல்லுது சித்தி. அரசு ஊழியர் வேற நீங்க. பிரின்சிபால்கிட்ட எழுத்துல ஒரு வார்த்தை வாங்கிடுங்க."

"எங்க பிரின்சிபால் எழுத்துல லீவே தரமாட்டார்."

விடிந்தபோது ரயில் போபாலைத் தாண்டியிருந்தது. கிளம்பும் முன்பே ஓப்பன்ஸ்டாக்ஸ் நூல் முழுவதையும் கைப்பேசியில் இறக்கி வைத்திருந்தார். சைடு லோயரில் காலை மடக்கி உட்கார்ந்து மூன்றாம் அத்தியாயத்தைத் திறந்தார்: தேவையும் அளிப்பும். எடுத்துக்காட்டு பெட்ரோல், அளவு கேலன், விலை டாலர். நாக்பூர் வருவதற்குள் முதல் அட்டவணையைப் பெயர்த்துவிட்டு, பேனாவைக் கடித்தபடி யோசித்தார். திருவாரூர்ப் பக்கத்துப் பெண்ணுக்குக் கேலன் எதற்கு? உரிமம் மாற்றவும் இடம் தருகிறதே. பெட்ரோலை அடித்துவிட்டுத் தக்காளி என்று எழுதினார். கேலன் கிலோவாயிற்று, டாலர் ரூபாயாயிற்று. மழைக்காலத்தில் கோயம்பேட்டில் விலை ஏறும்போது வளைகோடு எங்கே நகரும் என்று ஒரு பயிற்சிக் கேள்வியும் சேர்ந்தது.

பல்லார்ஷாவில் சிக்னல் கிடைத்ததும் தாளைப் படமெடுத்து அக்கா மகளுக்கு அனுப்பினார். பதில் வர ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. "சூப்பர் சித்தி. ஆனா என்ன மாத்தினீங்கன்னு சொல்லணும், மறந்துடாதீங்க." அவர் தாளின் அடியில் மூல நூலின் பெயர், எழுதியவர்கள், உரிமம் எல்லாவற்றையும் வரிசையாக எழுதி, கடைசி வரியாகச் சேர்த்தார்: 'மூலத்தில் பெட்ரோல், தக்காளியும் கோயம்பேடும் மொழிபெயர்ப்பாளர் சேர்த்தவை.'